நாப்போலி பீட்சாவில் என் பக்கம்

இந்த ஊரில் பீட்சாவை யாரும் பங்கு போடுவதில்லை. புருஷன், பெண்சாதி, ஐந்து வயசுப் பிள்ளை என்று மூன்று பேர் வந்தால் மூன்று முழு வட்டம் வருகிறது. வெட்டித் தருவதும் கிடையாது. கத்தியும் முள்கரண்டியும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவரவர் தட்டு, அவரவர் வாய். வந்த புதிதில், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இத்தாலியில் எனக்கு மாவு மூட்டை இறக்கும் வேலை. கள்ளக்குறிச்சியில் படிப்பைப் பாதியில் விட்டு மளிகைக் கடையில் மாவு நிறுத்துக்கொண்டு நின்றவன் நான். அல்லாஹ் இங்கேயும் மாவிலேயே பிழைப்பை எழுதியிருக்கிறான். ஊருக்கு ஊர் பீட்சாவின் குணம் மாறுகிறது. ரோமில் நீளத் தகட்டில் சுட்டு, கத்தரிக்கோலால் நறுக்கி, எடை போட்டுத் தருகிறார்கள். நின்றபடியே தின்றுவிட்டுப் போகலாம். நான் முதலில் வேலை பார்த்த பலேர்மோவில் பஞ்சு மாதிரி தடிமன், மேலே வதக்கின வெங்காயமும் ரொட்டித் தூளும். இங்கே நாப்போலியில் நடுவில் மெத்தென்று, ஓரம் மட்டும் உப்பி, அங்கங்கே கருகியிருக்கும். எங்கே போனாலும் நான் கேட்பது மரினாராதான். தக்காளி, பூண்டு, எண்ணெய். இறைச்சியும் இல்லை, சீஸும் இல்லை, மனசில் சந்தேகமும் இல்லை.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கமும் இப்போது பீட்சாக் கடை வந்திருக்கிறது. அங்கே துண்டு போட்டுத் தருகிறார்கள்; எல்லாக் கையும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் போகும். நாப்போலிக்காரர் பார்த்தால் முகம் சுளிப்பார். எனக்கோ அதுதான் முறை என்று படுகிறது. எங்கள் வீட்டில் பெருநாள் சோறு சகனில்தான். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நானும் மூன்று தம்பிகளும் உட்காருவோம். பிஸ்மில்லா சொல்லி, அவரவர் முன்னால் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. நான் இங்கே வந்த பிறகு பெருநாள்தோறும் என் பக்கத்துச் சோற்றைத் தொடாமல் வைத்து, என் மனைவி போனில் காட்டுவாள். அந்த வீட்டில் எனக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று ஒரு தைரியம் வரும்.

இந்த வருஷம் மகளுக்குக் கல்யாணம் ஆனது. தங்கும் அனுமதி புதுப்பித்து வராததால் என்னால் போக முடியவில்லை. நிக்காஹ்வைப் போனில்தான் பார்த்தேன். அதற்குப் பின் வந்த முதல் பெருநாள் பிறைக் கணக்கில் இங்கே ஒரு நாள் முன்னாலேயே முடிந்துவிட்டது. ஊரில் பெருநாளான அன்று நான் ஒரு பீட்சாக் கடையில் மாவு இறக்கிவிட்டு, அங்கேயே மரினாரா தின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"இன்னாங்க, சாப்ட்டீங்களா?" என்றாள் மனைவி. "மாப்ள உளுந்தூர்பேட்டையிலேர்ந்து வர லேட்டாயிடுச்சு. இப்பதான் எல்லாரும் உக்காந்துகினு சாப்புடுறாங்க."

போனைத் திருப்பினாள். சகனில் நான் உட்காரும் பக்கத்தில் மருமகன் உட்கார்ந்திருந்தார்.

"பாருண்ணே, புது மாப்ள ஒன் பக்கத்து கறிய ஒரு துண்டு வுடாம காலி பண்ணிக்கினு இருக்காரு!" என்று கடைசித் தம்பி கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"சும்மா இருங்க தம்பி, வாயில சோத்த வச்சிக்கினு," என்று மனைவி அதட்டினாள்.

மருமகன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "மாமா, உங்க எடம்னு எனக்குத் தெரியாதுங்க. நான் எந்திரிச்சுக்கிறேன்."

அந்த இடம் போய்விடுமோ என்றுதான் ஒவ்வொரு பெருநாளும் பயந்தேன். ஆனால் மகளை என் கையால் பிடித்துக் கொடுக்காதவன் நான். அவருக்குக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருந்தது?

"உக்காருங்க மாப்ள," என்றேன். "இனிமே அது ஒங்க பக்கந்தான். நல்லா அள்ளி சாப்புடுங்க."

மனைவி போனை மடியில் மல்லாக்க வைத்துவிட்டாள். போன் கொஞ்ச நேரம் எங்கள் வீட்டு மின்விசிறியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

பேசி முடித்து நிமிர்ந்தால், பீட்சா சுடுகிறவர் எதிரில் நிற்கிறார். தட்டைக் காட்டி, "நோன் தி பியாச்சே?" என்றார். பிடிக்கவில்லையா என்று அர்த்தம். அப்போதுதான் கவனித்தேன். எனக்கு முன்னால் இருந்த கால்வாசியை மட்டும் தின்றுவிட்டு, மற்ற மூன்று பக்கத்திலும் கை வைக்காமல் விட்டிருந்தேன்.

"புவோனா, புவோனா," நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. என் கண்ணைப் பார்த்தார். குனிந்து, பூண்டு கருகிவிட்டதா என்று மோந்து பார்த்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு போய், புதுசாக ஒன்றைச் சுட்டு என் முன்னால் வைத்து, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

முழு வட்டம். ஆவி பறந்தது. பிஸ்மில்லா சொல்லிக் கையை நீட்டினேன். இதில் எந்தப் பக்கம் என்னுடையது என்று தெரியாமல், கை அதன் மேலேயே நின்றது.