பெரியப்பாவின் பாதம்

என் தங்கையைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்லி அவள் கல்யாணத்தை நிறுத்தியவர் பெரியப்பா. இந்தப் பெரிய வியாழனன்று வேங்கிக்கால் தேவாலயத்தில் இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் ஃபாதர் பாதம் கழுவிவிடும் சடங்குக்கு உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர். ஃபாதருக்கு முட்டிவலி என்பதால் கோயில் வேலைகளில் உதவும் எனக்குக் கழுவும் வேலை வந்தது. அவருக்கென்றே ஃபிளாஸ்கில் கொதிநீர் வைத்திருந்தேன். கத்தட்டும், சபையே பார்க்கட்டும்.

காலுறையைக் கழற்றினார். இரண்டு விரல்கள் இல்லை. ஃபிளாஸ்கிலிருந்து நான் செம்பில் ஊற்றிய நீரில் ஆவி பறந்ததைப் பார்த்தார்.

"சுகர் ஜாஸ்திம்மா. கால்ல சூடே தெரியறதில்ல. நீ பாட்டுக்கு ஊத்து."

ஊற்றியிருந்தால் வெந்துபோயிருக்கும், கத்தியிருக்க மாட்டார்.

குழாய்த் தண்ணீர் பிடித்துவந்தேன். விரல் இருந்த இடத்தையும் துடைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவருக்கு மட்டும் கேட்கும்படி தங்கையின் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் கழுவினேன். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மரத்துப்போனது கால் மட்டும்தான்.

அடுத்த வருடமும் நானே கழுவுகிறேன் என்று ஃபாதரிடம் சொல்லியிருக்கிறேன்.