கவராயம் தொட்ட பூ

பூவை அளந்துதான் வரைய வேண்டும் என்பது எங்கள் தொழிலின் கட்டளை. செடியில் இதழ் எவ்வளவு நீளமோ, தாளிலும் அவ்வளவே. செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த சேலத்து டாக்டர் ஒருவருக்காகப் மலைமேலிருக்கும் பைல் நாட்டுக்குக் கண்வலிப்பூ வரையப் போனபோது எனக்கு முப்பது வயது. அந்தப் பூ ஒரு நிறத்தில் நிற்காது. பச்சையாய் விரியும், மஞ்சளாகும், பிறகு தீப்பிடிக்கும். ஒரே பூவை நான்கைந்து நாள் பின்தொடர வேண்டும்.

ஒரு சாமைக்காட்டு வேலியில் நல்ல கொடி கிடைத்தது. கவராயத்தின் இரு முனைகளையும் இதழில் வைத்து அளந்து, அளவைத் தாளோரம் குறித்தேன். மறுநாள் பூ இல்லை. காம்பில் அரிவாள் பட்ட சுத்தம். வேறொன்றை அளந்தேன். அதுவும் போயிற்று. அளக்காத பூக்கள் மட்டும் அப்படியே இருந்தன. மலையில் இறங்கும் மேகம்கூட என்னை வேவு பார்ப்பதாகத் தோன்றியது.

காட்டுக்காரம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பூவை அறுத்தது நீங்களாம்மா?"

"ஆமாங்க. எங்க வேலி, எங்க அருவா."

"எதுக்கு?"

"ஏனுங்க, போன வருசம் ஒருத்தர் வந்து பலாமரத்தை அளந்தாரு. அப்புறம் கல்லு நட்டாங்க. அந்தப் பக்கமெல்லாம் சர்க்காரு நெலம்னுட்டாங்க. நீங்க பூவுலிருந்து ஆரம்பிக்கறீங்க."

"நான் படம் வரையறவன்."

"அவரும் காயிதத்துலதான் வரைஞ்சாருங்க."

கொடியில் ஒரே மொட்டு மிச்சம். கவராயத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நான்கு நாள். அவள் என் கையைப் பார்த்தாள், நான் அவள் அரிவாளைப் பார்த்தேன். தினமும் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள்.

"இப்பவாச்சும் நம்பறீங்களா?"

"பூவை நம்பறனுங்க."

கடைசி நாள் அவள் கிளி விரட்டப் போன சமயம், பென்சிலை இதழோரம் வைத்து அதில் நகத்தால் கீறி அளந்துவிட்டேன். கைப்பழக்கம். அவள் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் போனேன். வேலிக்கு உள்பக்கம் கல் நட்டிருந்தது. பாதிச் சாமைக்காடு அந்தப் பக்கம் கிடந்தது. என் நகக்கீறலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எனக்குத் தெரியும். அவளுக்கு அதை எப்படிச் சொல்வது? அவள் திட்டவில்லை. என் பையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"இந்த வருசம் எந்தப் பூவுங்க?"

பையைத் திறக்காமலே அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிப் பாதையில் இறங்கினேன்.