விரலால் அடைத்த ஓட்டை

எழுபதுகளில், பெட்ரோல் விலை கண்டபடி ஏறியிருந்த சமயம், அஸ்தினாபுரத்தில் என் பழைய காரின் டேங்க் ஒழுக ஆரம்பித்தது. புது டேங்க் போட எனக்கு மனசில்லை. ஓட்டையில் பார் சோப்பைத் தேய்த்து அடைத்தால் சில நாள் தாங்கும்.

ஞாயிறு காலை, சர்ச்சுக்குப் புறப்பட்டு நின்ற மனைவியைப் பட்டுப்புடவையோடு காருக்கு அடியில் படுக்க வைத்து, ஓட்டையை விரலால் அடைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"பக்கெட் வச்சா போதாதா?" என்றாள்.

"பக்கெட்ல விட்டா ஆவியாப் போயிடும். பெட்ரோல் என்ன உங்கப்பன் வீட்டிலேருந்தா வருது? பிடிடி."

சோப்பு வாங்கப் போனவன் டீ குடித்து, அரசியல் பேசி, நிதானமாகத் திரும்பினேன். பெட்ரோல் முழங்கை வரை வழிந்து அவள் தோல் சிவந்திருந்தது. சர்ச்சில் என் சாமர்த்தியத்தை எல்லோரிடமும் அளந்தேன்.

அடுத்த ஞாயிறு சோப்பு பெயர்ந்துவிட்டது. நானே அடியில் படுத்து, விரலை வைத்துக்கொண்டு, "மிச்ச சோப்பை எடுத்துட்டு வா" என்று கத்தினேன். அவள் செருப்புகள் என் தலைமாட்டில் வந்து நின்றன.

"சோப்பு தீர்ந்துபோச்சு. பிடிச்சிட்டே இருங்க. பஸ்ல சர்ச்சுக்குப் போய்ட்டு, வரும்போது வாங்கிட்டு வரேன்."

பெட்ரோல் வீணாகுமே என்று, அவள் வரும் வரை நான் விரலை எடுக்கவே இல்லை.