அக்காவின் மீசை

எங்க அக்காவ ஊர்ல பேர் சொல்லிக் கேட்டா யாருக்கும் தெரியாது. ‘மீசை’ன்னாதான் தெரியும். பகல்ல ஃபேக்டரியில சட்டைக்குக் காலர் தைப்பா. சாயங்காலம் ஒட்டு மீசையும் அழுக்குப் பேன்ட்டுமா தெருமுனையில நாடகம் போடுவா. கூட நடிக்கிறதும் அதே ஃபேக்டரிப் பொம்பளைங்கதான். பொண்டாட்டிய அடிக்கிற குடிகாரன் வேஷத்துக்கு ஒருத்தியும் முன்வரல. “சரி, குடுங்கடி மீசைய”ன்னு இவதான் வாங்கி ஒட்டிக்கிட்டா.

அம்மாடி, என்ன நடிப்பு! ஒரு காலால செருப்ப உதறிட்டு, தொண்டையக் கனைச்சுக்கிட்டே கதவத் தள்ளுவா பாருங்க, முன்னால உட்கார்ந்த பிள்ளைங்க பின்னால நகர்ந்துக்கும். எனக்கு மட்டும் அது நடிப்பாத் தெரியாது. ஏன்னா அது அச்சு அசல் எங்க அப்பா. அவர் செத்துப் பல வருஷம் ஆச்சு.

நாடகம் பார்த்த ரெண்டு பொம்பளைங்க தைரியமாப் போய்ப் புருஷன்மேல புகார் குடுத்தாங்க. ஊரே அக்காவத் தலையில தூக்கி வெச்சு ஆடுச்சு. அம்மா மட்டும் எட்டிப் பார்க்கல. பக்கத்து வீட்டுக்காரி வேற ‘உம்புருஷனத்தான் ஆடிக் காட்டுறா’ன்னு வத்தி வெச்சுட்டா. “செத்த மனுஷன ஏண்டி சந்தி சிரிக்க வைக்கிற? அவர் ஒரு நாளாவது என்னை அடிச்சிருப்பாரா?”ன்னு அம்மா ஒரே பிடி.

யாருக்கும் மசியாத அக்கா, அன்னைக்கு என்கிட்ட தேம்பித் தேம்பி அழுதா. “அடி வாங்கினவங்களே அடி விழலைங்கறாங்க. அப்ப நான் பொய்யாடி ஆடுறேன்? அம்மா ஒரு தடவை வந்து பார்க்கட்டும். பார்த்துட்டும் இல்லைன்னா மீசையக் கழட்டிடுறேன்.”

கெஞ்சிக் கூத்தாடி அம்மாவக் கூட்டிட்டுப் போனேன். கைப்பைய மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாங்க. செருப்பு பறந்துச்சு. கனைப்புச் சத்தம் கேட்டுச்சு. அக்கா கை ஓங்கினதும் அம்மா எழுந்துட்டாங்க. கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குக் கிளம்புறாங்களோன்னு பின்னாலயே ஓடினேன். அவங்க நேரா நடுவுல போய் அக்கா கன்னத்துல விட்டாங்க ஒரு அறை! மீசை பாதி பிஞ்சு தொங்குச்சு.

“இத அன்னைக்கே குடுத்திருக்கணும்.”

இதுவும் நாடகம்னு நினைச்சு ஜனங்க விசில் அடிச்சாங்க. அக்கா சிரிக்கிறாளா அழறாளான்னே தெரியல. தொங்கின மீசைய அழுத்தித் திரும்ப ஒட்டிவிட்டது அம்மாதான்.

குழுவுல உள்ளவங்க சும்மா விடுவாங்களா? “அம்மா, இனிமே ஒவ்வொரு நாடகத்துலயும் அந்த அறைய நீங்களே வந்து குடுங்க”ன்னு சுத்தி நின்னுக்கிட்டாங்க.

“போங்கடி வேலையத்தவளுங்களா,” அம்மா அக்காவோட வீங்கின கன்னத்தத் தடவிக்கிட்டே சொன்னாங்க. “அவர அடிச்சாச்சு. இனிமே அடிச்சா எம்பொண்ணுக்குத்தான் வலிக்கும்.”