முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளியில் அசெம்பிளிக்கு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ராஜி அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. உங்க மன்றத்து ஆளுங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க" என்றார். இரும்புலியூர் பெண் பிள்ளைகள் மன்றத்தில் இருந்த உங்கள் எல்லோருக்கும் நான்தான் தகவல் சொன்னேன். சிலரோடு பேசி முப்பது வருடம் ஆகியிருந்தது. அழுது முடித்ததும் ஆளுக்கொரு அக்கா கதை சொல்ல ஆரம்பித்தீர்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் அதை நேரில் பார்த்தவர்கள். ஆனால் என் பக்கத்துக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ராஜேஸ்வரி என்ற அவருடைய முழுப் பெயரையே நான் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எண்பதுகளின் கடைசியில் அவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தார். வாரத்தில் தூங்கக் கிடைக்கும் ஒரே காலை ஞாயிறு. அதையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டார். ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்தாகிவிடும். ஏன் இதையெல்லாம் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பசங்களுக்கு கிரவுண்டு கீது, டீக்கடை கீது, ஸ்டேஷன் பெஞ்சு கீது. நமக்கு இன்னா கீது சொல்லு?" என்றார்.

மன்றத்தில் அவர் தலைவர் இல்லை. தலைவர் வாரம் ஒருத்தி, சீட்டுக் குலுக்கிப் போட்டு. பேச வேண்டும் என்றால் கையைத் தூக்க வேண்டும், இரண்டு நிமிடம்தான், பிறகு தலைவர் மணி அடித்துவிடுவாள். அக்காவுக்கும் அதே இரண்டு நிமிடம், அதே ஒரு ஓட்டு. வண்டலூர் ஜூவுக்குப் போகலாம் என்று அவர் சொல்ல, நாங்கள் கூட்டாகச் சேர்ந்து சினிமாவுக்கு ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தது நினைவிருக்கிறதா? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடவே வந்தார். பாதிப் படத்தில் நன்றாகத் தூங்கினார். இடைவேளையில் எழுந்து, "புலி நல்லா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு விதியும் இருந்தது. யாரைப் பற்றி முடிவெடுத்தாலும், அன்றைய தலைவர் அவர்கள் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அந்த விதியை நாங்கள் யாரும் பெரிதாக நினைத்ததில்லை, கல்பனா விஷயம் வரும்வரை.

கல்பனாதான் எங்கள் த்ரோபால் டீமின் உயிர். அவள் சர்வ் போட்டால் எதிர் டீமில் ஒருத்தி கண்ணை மூடிக்கொள்வாள். பல்லாவரத்தில் இறுதிப் போட்டி. அன்று அவள் வரவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. ஆறு பேரோடு ஆடி அசிங்கமாகத் தோற்றோம். அடுத்த ஞாயிறும் அவள் வரவில்லை. அன்று சீட்டில் என் பெயர் வந்தது. பதினான்கு வயது, கையில் மணி, கேட்க வேண்டுமா! கல்பனாவை மன்றத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள், நாலு பேர் ஆமாம் போட்டார்கள். அவள் அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். பாயில் கல்பனாவுக்குப் பக்கத்தில் உட்கார சிலர் யோசித்ததுண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அன்று ஓட்டுக்குத் தூக்கிய கைகளில் அதுவும் இருந்தது. என் கையிலும் இருந்தது. இதை எழுத இவ்வளவு வருடம் ஆயிற்று.

அக்கா கை தூக்கினார். "அவ ஏன் வரலன்னு கேட்டுட்டு வந்து முடிவு பண்ணலாம். ஒரு வாரம் தள்ளிப் போடுங்க" என்று ஆரம்பித்து, மேலே சொல்லிக்கொண்டே போனார். நான் மணி அடித்தேன். "அக்கா, உங்க நேரம் முடிஞ்சிடுச்சு." அவர் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். ஓட்டெடுத்தோம், ஏழுக்கு ஏழு வந்தது. சமமாக வந்தால் தலைவர் ஓட்டு. நான் எடுத்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன். அக்கா என்னைத் திட்டவில்லை. "சரி, சாயங்காலம் போய் சொல்லிட்டு வா" என்றார்.

ஏரிக்கரையை ஒட்டியிருந்தது கல்பனாவின் வீடு. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். உள்ளே அவள் அம்மா காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். கடையில் கூடையைத் தூக்கும்போது வழுக்கி விழுந்திருக்கிறார், அதுவும் போட்டியன்று காலையில். கல்பனா மார்க்கெட்டில் இருந்தாள், அம்மாவுக்குப் பதிலாக. "வா கண்ணு, உள்ள வந்து குந்து. உங்க கூட்டத்துல சேந்ததுக்கு அப்புறம்தான் எம்பொண்ணு நாலு பேருகிட்ட நல்லா பேசிகினு கீது" என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்பி எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். சிவப்புக் கலர். மறுக்கவும் தெரியாமல், குடிக்கவும் முடியாமல், மொத்தத்தையும் குடித்துவிட்டு வந்தேன். வந்த விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. ஸ்டேஷன் பக்கம் அக்காவைப் பார்த்தபோது, "சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டேன்கா" என்றேன்.

அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு கல்பனா சிரித்த முகமாக வராந்தாவில் வந்து நின்றாள். "சாரிப்பா, அம்மாவுக்கு கால் ஒடிஞ்சிடுச்சு" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைய தலைவர் சின்னப் பெண் உஷா, என்ன செய்வது என்று அக்காவைப் பார்த்தாள். அக்கா கை தூக்கி, "போன வாரத் தலைவர் பேசணும்" என்றார். அவ்வளவுதான்.

எழுந்து நின்றேன். உன்னை எடுத்துவிட்டோம் கல்பனா, என் ஓட்டில்தான் எடுத்தோம், சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன், உங்கம்மாவைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை, அக்காவிடம் பொய் சொன்னேன் என்றேன். மறுபடி ஓட்டெடுக்க வேண்டும் என்றும் கேட்டேன். அத்தனை கைகளும் மேலே போயின. ஆனால் கல்பனாவும் கை தூக்கியிருந்தாள், பேசுவதற்காக. "நீங்க வான்னா வரணும், போன்னா போவணுமா? நான் வரணுமா வேணாமான்னு நானும் யோசிக்கணும் இல்ல?" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் அழுதேன். "அழுவுறதுக்கு அப்புறம் டைம் கீது. மொதல்ல இன்னா பண்ணப் போறேன்னு சொல்லு" என்றார் அக்கா. நீங்கள் வந்து கூப்பிட்டால் வருவாள் என்று கெஞ்சினேன். "நான் கூப்ட்டா எனக்கோசரம் வருவா. உங்களுக்கோசரம் வரணும்" என்று மறுத்துவிட்டார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து சொன்னார்: "ஒருத்தர வேணாம்னு முடிவு பண்ணா, அவங்க மூஞ்சியப் பாத்து சொல்லணும். சொல்ல வாய் வரலன்னா, முடிவுலதான் ஏதோ கோளாறு. அதுக்குத்தான் அந்த ரூல வச்சேன். நீ வாசல் வரிக்கும் சரியாத்தான் போன. திரும்பி வந்து எங்ககிட்ட சொல்லல, அதான் தப்பு."

மூன்று வாரம் மார்க்கெட்டுக்குப் போனேன். முதல் வாரம் கல்பனா என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது வாரம், "மீன் வாங்கறதுன்னா வாங்கு, சும்மா நிக்காத, பேஜார் பண்ணாத" என்றாள். மூன்றாவது வாரம் உங்களில் ஐந்து பேர் என்னோடு வந்தீர்கள். கூடையை நாங்களே சேர்ந்து தூக்கி வைத்தோம். மீன் வாசனை எங்கள் மேலும் ஏறியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்காவது ஞாயிறு வந்தாள், பாயின் நடுவில் உட்கார்ந்தாள். அடுத்த வருடம் பல்லாவரத்தில் கோப்பையை வாங்கியதும் அவள் கைதான். போன வாரம் அக்காவின் வீட்டு வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதவள், அழுகைக்கு நடுவிலேயே, "கலர் குடிச்சிட்டு ஓடினவதானே நீ" என்றாள்.

ராஜி அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு விதிதான். இன்று நான் ஒரு பள்ளியில் துணை முதல்வர். ஒரு பிள்ளையை நிறுத்திவிடுவது என்று கூட்டத்தில் முடிவானால், கடிதத்தைத் தபாலில் அனுப்ப விடமாட்டேன், நானே எடுத்துப் போவேன். இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லையா என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. போன மாதம் அப்படித்தான் கோவிலம்பாக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றேன். "வாங்க மேடம், உள்ள வாங்க" என்றார் பையனின் அப்பா. நான் அங்கேயே நின்று, "உங்க பையனை எடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டு, அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன். நீங்க சொல்றதையும் கேக்கணும்" என்றேன். அதற்குப் பிறகுதான் உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் அவர் பேசினார். மறுநாள் கூட்டத்தைத் திரும்பக் கூட்டி, கேட்டதையெல்லாம் சொன்னேன். அந்தப் பையன் இன்று ஒன்பதாம் வகுப்பில், ஜன்னல் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், அக்கா.