கூரைக்குப் போன முன்பல்

“வாயில ரப்பர அடைச்சிக்கிட்டு ‘கபடி கபடி’ன்னு எப்படிட்டி பாடுவ?” என்று மாஸ்டர் என்னிடம் கேட்டார்.

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். தாராவியில் எங்கள் சந்துக்குப் பின்னால் இருக்கும் மண் மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவர் அவர். பகலில் பெல்ட் பட்டறையில் வேலை. நானும் அவரிடம் ஆடியவள்தான். இப்போது பல் மருத்துவம் முடித்து, கல்லூரி ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

மாஸ்டர் கேட்டதில் நியாயம் இருந்தது. எதிர்ப்பக்கம் ஏறிப் போகிறவள் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு தெளிவாகக் கேட்கவில்லை என்றால் அம்பயர் அவளை வெளியே உட்கார வைத்துவிடுவார். கடையில் கிடைக்கிற மவுத்கார்டை, அதுதான் பல்லுக்கு மேல் மாட்டும் ரப்பர் உறையை, நான் முன்பே கொண்டுபோய்க் காட்டியிருந்தேன். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்துகிற தடித்த வகை. ஒவ்வொருத்தியும் மாட்டிப் பார்த்துவிட்டு, கொழகொழவென்று எதையோ உளறி, எச்சிலோடு துப்பினாள். பல் அளவுக்கு அச்செடுத்துச் செய்தால் மெல்லிசாக இருக்கும், பேச்சு வரும் என்று நான் சொன்னேன். அதற்குள் மாஸ்டர் விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சயான் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். டீமில் ஒரு பிள்ளை போன் செய்தாள். எங்கள் ஏறுகாரிக்கு, டீமிலேயே வேகமான பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு, பிடிக்க வந்தவளின் முழங்கை வாயில் பட்டுவிட்டது. “முன்பல்லு முழுசா வெளிய வந்துட்டுக்கா.”

பல் எங்கே என்று கேட்டேன். அடிபட்டவளின் அம்மா கையில் கொடுத்துவிட்டார்களாம். தேய்க்காதே, துணியில் சுற்றாதே, பாலில் போட்டு வைக்கச் சொல் என்று கத்திக்கொண்டே ஓடினேன். வேரோடு வந்த பல்லைச் சீக்கிரம் திரும்ப வைத்தால் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வேரின் மேல் இருக்கிற மெல்லிய சவ்வு காயக் காய அந்த வாய்ப்பு போய்விடும். வகுப்பில் படித்தபோது அது ஒரு வரி. அன்றைக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் தள்ளுவண்டிகள் குறுக்கே நின்றன.

அந்தப் பிள்ளை வாசற்படியில் வாயில் துண்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா எனக்கு உறவில்லை. ஆனால் பக்கத்து வீடு, சித்தி என்றுதான் கூப்பிடுவேன். இட்லிக்கு மாவரைத்துக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்திருக்கிறாள் போல, முழங்கைவரை மாவு காய்ந்திருந்தது.

“பல்லு எங்க சித்தி?”

“கூரைல போட்டுட்டேன்.”

நான் அண்ணாந்து பார்த்தேன்.

“நல்லா முளைக்கட்டும்னுதானட்டி போட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் அங்கனதான போடுதோம்?” என்றாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் குரல் இறங்கியது.

பால்பல் விழுந்தால் கூரைமேல் எறிவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஊரில் சாணிக்குள் பொதிந்து எறிவார்களாம். இங்கே சாணிக்கு எங்கே போவது, வெறும் பல்லையே எறிந்துவிடுவோம். பதிமூன்று வயதில் விழுந்த முன்பல் இனி முளைக்காது என்று சித்திக்கு யாரும் சொன்னதில்லை. மகள் வாயிலிருந்து ரத்தம் வடியும்போது, நல்லது என்று தெரிந்த ஒன்றை அவசர அவசரமாகச் செய்திருக்கிறாள்.

பால் பாக்கெட் வாங்கி டம்ளரில் ஊற்றி வைக்கச் சொல்லிவிட்டு, வெளிப்பக்க இரும்பு ஏணியில் ஏறினேன். மாடி அறைக்கு மேலே சிமெண்ட் ஷீட். அதன் மேல் மழைக்காக விரித்த நீலத் தார்ப்பாய், பறக்காமலிருக்கச் செங்கல்லும் பழைய டயரும். ஷீட்டின் நடுவில் கால் வைத்தால் நேரே அந்த மாடி அறைக்குள் போய் விழ வேண்டியதுதான். அடியில் இரும்புச் சட்டம் ஓடுகிற இடம் ஆணி வரிசையைப் பார்த்தால் தெரியும். அந்த வரிசையோடு குப்புறப் படுத்து ஊர்ந்தேன். எதிர் மாடியிலிருந்து ஒருவர் இந்தியில், இறங்கு, உடைந்துவிடும் என்று அதட்டினார். எந்தப் பக்கமாக எறிந்தாய் என்று நான் கீழே பார்த்துக் கேட்க, சித்தி இந்தப் பக்கம் என்றாள், பிறகு அந்தப் பக்கம் என்றாள், பிறகு அழத் தொடங்கினாள்.

தார்ப்பாயின் ஓரத்தில், பிளாஸ்டிக் பந்துக்கும் காக்கை எச்சத்துக்கும் நடுவே ஒரு பல் கிடந்தது. “கெடச்சிட்டு” என்று சொல்லியேவிட்டேன். கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது, அரிசிபோலச் சின்னது, பழுத்த மஞ்சள், வேரே இல்லை. எந்த வருஷமோ எந்தப் பிள்ளைக்கோ விழுந்த பால்பல். கீழே சந்தோஷக் குரல் எழுந்தது. அந்தப் பால்பல்லைப் போட்டுவிட்டு மேலும் ஊர்ந்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

தேடிய பல் ஒரு டயரின் பள்ளத்துக்குள் விழுந்திருந்தது. நீண்ட வேர், நுனியில் உலர்ந்த ரத்தம். வேரைத் தொடாமல், கடிக்கிற பக்கத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்தேன். மற்றக் கையால் ஏணியைப் பிடித்து இறங்கினேன்.

பாலில் அலசினேன். ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் போய்ச் சேர்வதற்குள் இன்னும் நேரம் போகும். அங்கே டியூட்டியில் இருந்த பெரிய டாக்டர் மேடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ஏற்கெனவே காய்ந்துவிட்டது, இனியும் காத்திருக்காதே, அங்கேயே வைத்துவிட்டுக் கூட்டிவா என்றார்.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையின் எதிரே மண்டியிட்டேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுக்கு முன்ன யாருக்காவது வச்சிருக்கியாட்டி?”

பிளாஸ்டிக் தாடையில் வைத்திருக்கிறேன். உயிருள்ள வாயில் வைத்ததில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை. “இல்ல சித்தி. ஆனா எப்படி வைக்கணும்னு தெரியும். கைய விடுங்க.”

அவள் விடவில்லை. பிள்ளைதான் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். பிறகு துண்டை எடுத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டு முன்பக்கம் எது என்று இரண்டு தடவை பார்த்தேன். பள்ளத்தில் வைத்துக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். முதலில் போகவில்லை. பிள்ளை மூக்கால் முனகினாள், என் தோளில் அவள் நகம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஏதோ வழிவிட்டதுபோல உள்ளே போய் உட்கார்ந்தது. கைக்குட்டையை மடித்துக் கொடுத்து, கடித்துக்கொண்டே இரு, விடாதே என்றேன். டாக்ஸியில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் தாடையைத் தளர்த்தவே இல்லை. சித்தி வழி முழுவதும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

மேடம் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். பல் இடத்தில் இருந்தது. பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்துக் கட்டினார். பிறகு சித்தியை உட்காரவைத்து, மறைக்காமல் சொன்னார். பல் வெளியில் அதிக நேரம் இருந்துவிட்டது. வேர் சிகிச்சை செய்ய வேண்டும். சில வருஷத்தில் வேர் கரையவும் கூடும். ஆனால் வளர்கிற வயது முடியும்வரை அது அங்கே நின்றாலே தாடை எலும்பு காப்பாற்றப்படும். இன்னொரு அடி மட்டும் அதற்கு ஆகாது.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் சித்தி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். கபடி பந்த், இனி ஆட்டமே கிடையாது என்றாள். கம்பியை எடுத்த பிறகும் பந்த். பிள்ளை சாயங்காலங்களில் மைதானத்துச் சுவரோரம் வந்து நிற்பாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுப்பாள், ஸ்கோர் சொல்லுவாள், கோட்டுக்குள் கால் வைக்க மாட்டாள். ஓடத்தெரிந்த பிள்ளை அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சித்தியையும் குறைசொல்ல முடியவில்லை.

எனக்கே முதலில் அச்செடுத்து, கல்லூரி லேபில் மெல்லிசாக ஒரு மவுத்கார்டு செய்துகொண்டேன். விளிம்பைப் பல தடவை தேய்த்து, மேலண்ணத்தில் இடிக்காமல் குறைத்தேன். அதை மாட்டிக்கொண்டு ஒருநாள் மைதானத்தில் இறங்கினேன். மாஸ்டர் மைதானத்தின் அந்தக் கடைசிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அம்பயர் காதால் கேட்கிறேன், பாடு என்றார். நான் ஏறினேன். பிள்ளைகள் பிடிக்க வந்தார்கள். மூச்சு தீரும்வரை பாடித் திரும்பினேன்.

“சத்தம் காணாது. இன்னும் வயித்துலேந்து வரணும்” என்றார் மாஸ்டர். பாட்டு புரியவில்லை என்று அவர் சொல்லவில்லை.

மறுநாளே சித்தி வீட்டுக்கு அச்சுத் தட்டோடு போனேன். இப்போது பல் ஆடவில்லை என்று மேடம் பார்த்துச் சொல்லியிருந்தார். ஆடச் சொல்லி நான் வரவில்லை, அளவு மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சித்தி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். ரோஸ் நிற அச்சுமாவைத் தண்ணீரில் குழைத்துத் தட்டில் அப்பி வாய்க்குள் வைத்ததும் பிள்ளைக்குக் குமட்டியது, தலையைப் பின்னுக்கு இழுத்தாள். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, பின்னாலிருந்து மகளின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். “பல்ல இழுத்துறாதட்டி” என்று மட்டும் சொன்னாள். மாவு இறுகும்வரை பிடித்த பிடியை விடவில்லை.

ஆடட்டும் என்று சித்தி இன்னும் சொல்லவில்லை. அச்சு லேபில் இருக்கிறது, பிள்ளைக்கு நீல நிறம் வேண்டுமாம், அதையும் அங்கே சொல்லிவிட்டேன். டீமின் மற்ற பிள்ளைகளையும் அச்செடுக்க, வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் பல் தேய்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அச்சுமாவும் தட்டுகளும் வாங்கி வைத்தாயிற்று.