கடைசி எபிசோடுக்கு ஓர் இடம்

பம்பு மோட்டார் முழு லோடில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனுக்குப் பெரிதாக வேலை இல்லை. சூடு ஏறுகிறதா என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை செய்யும் கம்பெனியின் டெஸ்டிங் பகுதியில் அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு டிசம்பர் காலையில்தான் அந்த யோசனை வந்தது.

படம் பார்க்கும் ஆப் ஒன்று, இந்த வருடம் முழுக்க நான் என்னென்ன பார்த்தேன் என்று கலர் கலராகத் தொகுத்து அனுப்பியிருந்தது. பார்த்துத் தீர்த்தவை, பாதியில் விட்டவை, இரண்டாம் தடவை பார்த்தவை. ஒரு மனுஷன் இவ்வளவா பார்ப்பான் என்று எனக்கே கூச்சமாக இருந்தது. பாதியில் நின்றவற்றில் முதலாவதாக, போன வருடத்திலிருந்தே பாக்கி நிற்கும் ஒரு கொரியன் தொடர் இருந்தது. ஒரு தீவில் காணாமல் போகிறவர்களைத் தேடித் திரியும் பெண் போலீஸின் கதை. எல்லாம் பார்த்தாயிற்று, கடைசி எபிசோட் மட்டும் பாக்கி. படத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ஆண்டு முடிவோடு இந்தத் தொடர் நீக்கப்படும்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலுக்குப் போய், அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்து முடித்துவிட வேண்டியதுதான் என்று அங்கேயே முடிவு செய்தேன். ஒரு மணி நேர வேலை. இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் கார்த்திகையில் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்த மதியம் வரை நாங்கள் இரண்டு பேரும் மாடி அறையில் அந்தத் தொடரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி எபிசோடைத் தொடும் நேரத்தில் அம்மா கீழிருந்து சத்தம் போட்டாள். அக்கா எழுந்து, கலைந்த சேலையைச் சரிசெய்துகொண்டே, "தனியா மட்டும் பாத்துப்போடாத. அடுத்த தடவ வர்றப்ப ரெண்டு பேரும் பாக்கலாம்" என்றாள். சரி என்றேன். அடுத்த தடவை மறுவீட்டுக்கு வந்தாள், கூட ஒரு வேன் நிறைய ஆட்கள். பொங்கலுக்கு வந்தாள், சாயங்காலமே கிளம்பிவிட்டாள். வருடம் ஓடிவிட்டது.

ஒரு தொடருக்கா இவ்வளவு என்று யாருக்கும் தோன்றும். விஷயம் தொடரில் இல்லை. எங்கள் இருவருக்கும் நேருக்கு நேர் பேசவே வராது. முகத்தைப் பார்த்தால் "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்பதோடு தீர்ந்துவிடும். எதிரே ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் வாய் திறக்கும். முதல் வேலைக்கான இன்டர்வியூவில் தான் அழுதுவிட்டதை அவள் என்னிடம் சொன்னது, ஒரு வில்லன் கார் துரத்தலில் மாட்டிக்கொண்டிருந்தபோது. காலேஜில் எனக்கு இரண்டு பேப்பர் போய்விட்டதை நான் சொன்னது, ஏதோ ஒரு தொடரின் முடிவில் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள். பேசினாள்.

அவள் சாஃப்ட்வேர் டெஸ்டர். நான் மோட்டாரை டெஸ்ட் செய்கிறவன். "நீ தொட்டா ஷாக் அடிக்கும், நான் தொட்டா எர்ரர் அடிக்கும்" என்பாள். கல்யாணத்துக்குப் பிறகும் வெள்ளகோவிலிலிருந்தே வேலை செய்வதாகத்தான் பேச்சு, செய்துகொண்டும் இருந்தாள். பொங்கல் கழிந்து ஒரு நாள் போனில், "வேலைய விட்டுட்டன்டா" என்றாள். ஏன் என்று கேட்பதற்குள், "இரு, அத்தை பேசறாங்களாம்" என்று போனைக் கைமாற்றிவிட்டாள். அதன் பிறகு எப்போது கேட்டாலும், "அது அப்படித்தான், உடு" என்பாள். பின்னால் யாரோ பேசுகிற சத்தம் கேட்கும். அம்மாவிடமும் அதே பதில்தான். அவளாக விட்டாளா, விட வைத்தார்களா, அவள் நன்றாக இருக்கிறாளா என்று ஒரு வருடமாக எனக்குத் தெரியாது.

எனக்கும் சொல்ல நிறைய சேர்ந்திருந்தது. டிரெய்னியிலிருந்து நிரந்தரமானது, கிடார் வகுப்பில் சேர்ந்து மூன்றாம் வகுப்போடு நின்றது, புனேயில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருப்பது, அதை வீட்டில் சொல்லாமல் வைத்திருப்பது. போதாததற்குக் கம்பெனியில் கூட வேலை செய்யும் ஒருவன், எந்தத் தொடரைப் பார்த்தாலும் முடிவைச் சொல்லாமல் தூங்க மாட்டான். அவன் இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து கேன்டீனில் வேறு மேஜைக்கு மாறிவிட்டேன். "ஏனுங்க சார், கோவமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஒரு வருடம் காதைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தவன் வேறென்ன சொல்வான்?

அந்த ஞாயிறு பைக்கிலேயே போனேன். அக்காவின் மாமியார் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வா சாமி. ஏங்கண்ணு இப்புடி எளச்சுபோட்டே? கம்பெனீல சோறு கீறு போடறதில்லையா?"

"போடறாங்கத்தை. நல்லாத்தான் இருக்கறனுங்க."

"நல்லா இருக்கற மூஞ்சியா இது? அம்மணி, தம்பிக்கு மொதல்ல மோரு கொண்டா."

மோர் வந்தது. பின்னாலேயே பலகாரமாகக் கச்சாயம் வந்தது, காப்பி வந்தது. சமையலறையில் நாட்டுக்கோழி வெந்துகொண்டிருந்தது. ஒறம்பரை வந்திருக்கிறது, யார் விருந்தாளி என்று பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மாவும் எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அக்கா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு தடவை தட்டை நீட்டும்போது, உதட்டை அசைக்காமல், "கொண்டாந்தியா?" என்றாள். நான் பாக்கெட்டில் இருந்த போனைத் தட்டிக் காட்டினேன். அவள் முகத்தில் பழைய மாடி அறை ஒரு நொடி வந்துபோனது.

அறைக்குள் போய் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடியாது. தனியாகப் பேச என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் விருந்தாளியைத் தனியே விடுவது அந்த வீட்டில் மரியாதைக் குறைவு. அதனால் ஹாலிலேயே, சும்மா ஒன்று பார்க்கலாம் என்பதுபோல, "டிவியில ஒண்ணு போடட்டுங்களா மாமா?" என்று கேட்டேன். அக்காவின் மாமனார் பார்த்துக்கொண்டிருந்த செய்தியைப் பாதியில் நிறுத்தி, ரிமோட்டைத் துண்டில் துடைத்தே கொடுத்தார். கொடுத்துவிட்டு, எனக்குத் துணையாக உட்கார்ந்தார். அத்தை உட்கார்ந்தார். பக்கத்து வீட்டம்மா நீட்டிக்கொண்டிருந்த காலை மடக்கிச் சௌகரியமாக உட்கார்ந்தார். ஒரு வருடம் காத்துவைத்த எபிசோட் ஊர்க்கூட்டத்தின் முன்னால் ஆரம்பித்தது.

"என்ன பேசறாங்க தம்பி?"

"காணாமப்போனவன் உயிரோட இருக்கறானாமுங்கத்தை."

"இந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆகலியா?"

"இல்லீங்க. அது போலீசுங்க."

"போலீசுன்னா கல்யாணம் பண்ணப்படாதா? மழையில நிக்குது பாரு, கையில ஒரு கொடை இல்ல. ஊட்ல கேக்கறதுக்கு ஆளே இல்ல போல."

அக்கா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். குக்கர் விசில் அடித்தது, போனாள். திரும்பி வந்தாள், "அம்மணி, வெங்காயம்" என்றார் அத்தை, போனாள். அவள் பார்க்காத இடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. படத்தை நிறுத்திவிட்டேன்.

"ஏன் நின்னுபோச்சு?" என்றார் அக்காவின் மாமனார்.

"நெட்டு போயிருச்சுங்க மாமா."

"அட, அதுக்கா? என்ற போன்ல போட்டுக்க தம்பி." போன் இருந்த சட்டையை எடுக்க எழுந்தே போய்விட்டார்.

இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் முறைத்துக்கொண்டாவது வரலாம். தனக்குப் பிடித்த செய்தியை விட்டுவிட்டு, தன் போனையும் கொடுக்கிற மனிதரிடம் என்ன சொல்வது? நல்லவேளையாக மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், தேங்காய்க் களத்திலிருந்து வந்து, "மாப்ள, வா, களத்துப் பக்கம் போயி எளநி வெட்டிட்டு வரலாம்" என்று தோளைப் பிடித்துக் கூட்டிப்போனார். கிளம்பும் முன் கை கழுவப் போனபோது அக்காவின் அறை திறந்திருந்தது. பீரோவின் மேல் அவளுடைய லேப்டாப் பை, தூசி படாமல் ஒரு ஜவுளிக்கடைக் கவருக்குள் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

சாப்பாடு ஆனது. இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று ஆனது. ஒரு கடைசி முயற்சியாக, "அக்காவக் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வரட்டுங்களா?" என்றேன்.

"அதுக்கென்ன சாமி, நானும் வாரேன்," என்று அத்தை சேலை மாற்றப் போனார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சிரிப்புதானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மூன்று பேரும் கோயிலுக்குப் போய்வந்தோம்.

விடைபெறும்போது வீடே வாசலுக்கு வந்தது. "போயிட்டு வாரேனுங்க" என்பதை ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் திரும்ப ஒன்று சொல்வார்கள். இளநீரைப் பைக்கில் எப்படிக் கட்டுவது என்பதில் மாமாவுக்கும் அவர் அப்பாவுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. அந்த இடைவெளியில் அக்கா கயிறு எடுத்துக்கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்தாள். வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"வேலைய ஏங்க்கா விட்ட?"

அவளும் வண்டியையே பார்த்தாள்.

"கடைசி எபிசோட் பாக்கறப்ப சொல்றன்."

"அத ஆப்புல தூக்கப்போறாங்களாமாக்கா. இந்த மாசத்தோட."

அவள் கை கயிற்றில் நின்றது. "அப்ப சீக்கிரம் எதாச்சும் பண்ணுடா," என்றாள்.

அவ்வளவுதான். அதற்குள் கயிறு வாங்க மாமா வந்துவிட்டார். காங்கயம் வரை எதிர்க்காற்றில் வந்தேன். ஓர் எபிசோடை எங்கே வைத்துப் பார்ப்பது என்று இவ்வளவு பெரிய ஜில்லாவில் எனக்கு ஓர் இடம் தோன்றவில்லை.

அடுத்த நாள் அத்தையே போன் செய்தார். வீட்டுக்குப் பத்திரமாகப் போனேனா என்று விசாரித்துவிட்டு, தன் கவலையைச் சொன்னார். தையில் அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மார்கழி பிறப்பதற்குள் பத்திரிகை வைத்து முடித்துவிட வேண்டும். கிணத்துக்கடவுப் பக்கம் மட்டும் ஏகப்பட்ட வீடுகள். மகனுக்குக் களத்தை விட்டு வர முடியாது, மருமகளைக் கூட்டிக்கொண்டு அவர் போக வேண்டும், கார் ஓட்ட ஆள் இல்லை.

"நான் ஓட்டறனுங்கத்தை," என்றேன். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"உனக்கு லீவு கெடைக்குமா கண்ணு?"

"கெடைக்குங்க."

கிடைக்கவில்லை. ஷிப்டை மாற்றிக்கொள்ளக் கெஞ்ச வேண்டியிருந்தது, முடிவுகளைச் சொல்கிற அதே ஆளிடம். ஒப்புக்கொண்டான், பதிலுக்கு மறுபடியும் அவன் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம்.

புதன்கிழமை போகிறோம். டவுன்ஹால் பக்கம் போய், வயர் வைத்த பழைய மாதிரி ஹெட்போன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்; ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு. ஓட்டும்போது நடக்காது, அத்தை முன் சீட்டில் இருப்பார். ஏதாவது ஒரு வீட்டில் அவர் இறங்கி உள்ளே போகும்போது அக்கா தலைவலி என்று காரிலேயே இருந்துவிட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. "அம்மணி ஏனுங்க கார்லயே உக்காந்துட்டீங்க?" என்று அந்த வீட்டுக்காரர்கள் டம்ளரோடு வெளியே வந்துவிடுவார்கள், வராமல் இருக்க மாட்டார்கள்.

கிணத்துக்கடவில் ஒரு வீடு மட்டும் தென்னந்தோப்பின் உள்ளே வெகு தூரத்தில் இருக்கிறது என்று அக்கா சொல்கிறாள். அத்தையை வாசலில் இறக்கிவிட்டு, நிழல் தேடுகிறவன்போலக் காரைத் திருப்பி, தோப்பின் முனைக்குக் கொண்டுவந்து நிறுத்தப் பார்க்கிறேன். அங்கிருந்து டம்ளர் வந்து சேரக் கொஞ்சம் நேரம் ஆகும்.